பந்தின் மேல் ஒரு கையொப்பம்

காசோலையில் உள்ள கையொப்பத்தையும் எங்கள் பதிவேட்டில் உள்ள மாதிரிக் கையொப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வங்கிப் பணியில் அன்றாடக் கடமை. கவுன்ட்டருக்கு அப்பால் நிற்கும் வாடிக்கையாளருக்கு அது சில நொடிகளின் தாமதமாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சில நொடிகளில்தான் அவருடைய பணத்தின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. கையொப்பம் போலியானால் அந்தக் காசோலைக்குப் பணம் வழங்க வங்கிக்கு அதிகாரமே கிடையாது என்பது நாங்கள் பணியில் சேர்ந்ததும் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று. அந்தப் பாடம் ஒரு விளையாட்டுப் பந்தின் விஷயத்திலும் கைகொடுக்கும் என்பதை மும்பைக் கிளை ஒன்றில் நேர்ந்த நிகழ்ச்சி எங்களுக்கு உணர்த்தியது.

பணி ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் அமெரிக்காவில் வசிக்கும் தம் மகனுக்குப் பணம் அனுப்புவதற்காகப் படிவத்துடன் வந்திருந்தார். தொகை பெரிது. ஓய்வுக் காலப் பலனில் கணிசமான பகுதி அது. பேரன் பள்ளியில் பேஸ்பால் ஆடுகிறான். அவனுடைய பிறந்த நாளுக்கு, அந்த ஆட்டத்தின் மாபெரும் வீரரான பேப் ரூத் கையொப்பமிட்ட பந்தை வாங்கித் தர வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை. விற்பவர் அனுப்பியிருந்த படங்களைக் கைப்பேசியில் பெருமையோடு காட்டினார். 1947இல் தம் மாமாவுக்கு ரூத் நேரில் இட்டுத் தந்த கையொப்பம் என்று விற்பவர் எழுதியிருந்தார். ‘உண்மைச் சான்றிதழ்’ ஒன்றும் உடன் இருந்தது.

எங்கள் அலுவலருக்குப் பேஸ்பால் தெரியாது. ஆயினும் கையொப்பங்களோடு பல ஆண்டுகள் பழகியவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “சார், ரூத் கையெழுத்துக்குப் பக்கத்தில் அச்சடித்த பெயர் ஒன்று இருக்கிறதே, அது யார்?” என்று கேட்டார்.

“தெரியாதம்மா. கம்பெனிக்காரர் பெயராக இருக்கும்” என்றார் அவர்.

“அதையும் தெரிந்துகொண்டு பணம் அனுப்பலாமே சார். இன்று ஒரு நாள் பொறுத்தால் ஒன்றும் குறையாது.”

மறுநாள் விடை கிடைத்தது. அச்சிடப்பட்டிருந்த பெயர் ஜோ குரோனின். அவர் அமெரிக்கன் லீகின் தலைவராக இருந்தது 1959 முதல் 1973 வரை. பேப் ரூத் மறைந்தது 1948 ஆகஸ்ட் 16ஆம் நாள். இறந்து பத்தாண்டுக்கு மேல் கழித்துத் தயாரான பந்தில் ஒருவர் கையொப்பமிட்டிருக்க வழியில்லை. சான்றிதழையோ ரூத்தின் எழுத்துகளையோ ஆராய வேண்டிய தேவையே எழவில்லை. பந்து தானே சாட்சி சொல்லிவிட்டது.

இந்த நிகழ்ச்சிக்குப் பின், கையொப்பமிட்ட பேஸ்பாலை அங்குள்ள வல்லுநர்கள் எவ்வாறு ஆராய்கிறார்கள், எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்று அறிய முற்பட்டோம். வெளிநாட்டில் உறவினர் உள்ள வாடிக்கையாளர்கள் பலருக்கும் பயன்படும் என்பதால் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் பந்து, பிறகு கையொப்பம்

புதியவர்கள் கையொப்பத்தை முதலில் பார்க்கிறார்கள். வல்லுநர்கள் பந்தை முதலில் பார்க்கிறார்கள். காசோலை போலியா என்று ஐயம் எழுந்தால், கையொப்பத்துக்கு முன் காகிதத்தையும் அச்சையும் நாங்கள் சோதிப்பது போன்றதுதான் இதுவும்.

அமெரிக்காவின் உயர்நிலைப் போட்டிகளில் ஆடப்படும் அதிகாரபூர்வமான பந்து 5 முதல் 5¼ அவுன்ஸ் எடையும் 9 முதல் 9¼ அங்குலச் சுற்றளவும் கொண்டது. இரண்டு தோல் துண்டுகளைச் சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல்கள் போட்டு இணைத்திருப்பார்கள். 1999 வரை அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்னும் இரு அமைப்புகளும் தத்தம் தலைவரின் கையொப்ப அச்சைப் பந்தில் பொறித்தன. 2000ஆம் ஆண்டு முதல் இரண்டுக்கும் பொதுவான ஆணையரின் பெயர் இடம்பெறலாயிற்று.

இந்தப் பெயர் வரிசை ஒரு காலக்கணக்கு. அமெரிக்கன் லீகில் பான் ஜான்சன் 1927 வரையும், அவருக்குப் பின் எர்னஸ்ட் பர்னார்ட் 1931 வரையும், வில் ஹாரிட்ஜ் 1931 முதல் 1959 வரையும் தலைவராக இருந்தனர். அவருக்குப் பின் வந்தவரே குரோனின். நேஷனல் லீகில் ஜான் ஹைட்லர் 1918 முதல் 1934 வரையும், ஃபோர்ட் ஃபிரிக் 1951 வரையும், வாரன் கைல்ஸ் 1969 வரையும் அப்பொறுப்பில் இருந்தனர். ஆணையர் பட் செலிக்கின் பெயர் தாங்கிய பந்தில் 1960களில் மறைந்த ஒருவரின் கையொப்பம் இருந்தால், அதை இரண்டாம் முறை பார்க்க வேண்டியதில்லை.

தையலும் தோலும்கூடப் பேசும். 1930களின் தொடக்கம் வரை அமெரிக்கன் லீக் பந்தில் சிவப்பும் நீலமும், நேஷனல் லீக் பந்தில் சிவப்பும் கறுப்பும் கலந்த நூல்களால் தைத்தார்கள். 1934க்குப் பின் இரண்டிலும் சிவப்பு மட்டுமே. மேலுறை நெடுங்காலம் குதிரைத் தோலாக இருந்தது. 1974இல் மாட்டுத் தோலுக்கு மாறினார்கள். 1977 முதல் இரு லீகுகளுக்கும் பந்து செய்து தருவது ராலிங்ஸ் நிறுவனம். ஆகவே ராலிங்ஸ் முத்திரையுள்ள லீக் பந்தில் ரூத்தோ அவருடைய அணித் தோழர் லூ கெரிக்கோ கையொப்பமிட்டிருக்க முடியாது.

மறுபுறம், அரங்கக் கடைகளில் நினைவுப் பொருளாக விற்ற பந்துகள் ஏராளம். அவற்றில் ஓர் அணியின் வீரர்கள் அனைவரின் கையொப்பங்களும் அச்சாகவே இருக்கும். வீட்டுப் பெட்டியில் இத்தகைய பந்தைக் கண்டெடுப்போர் புதையல் கிடைத்ததாக எண்ணி மகிழ்வதுண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பெயர்களும் ஒரே நிறத்தில், ஒரே அழுத்தத்தில், பேனா தோலில் பதிந்த தடமேதும் இன்றித் தெரியும். அது மோசடியன்று, பந்தின் இயல்பே அதுதான். விலைதான் மாறிவிடுகிறது.

மை சொல்லும் காலம்

அடுத்த சாட்சி மை. பந்துமுனைப் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். லூ கெரிக் 1941 ஜூன் 2ஆம் நாள், தம் 37ஆம் வயதில் மறைந்தார். ஆகவே பந்துமுனைப் பேனாவால் எழுதிய கெரிக்கின் கையொப்பம் என்று ஒன்று இருக்க இயலாது. ரூத் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தமையால் அவருடைய இறுதிக் காலக் கையொப்பங்களில் பந்துமுனைப் பேனா இருக்கலாம். 1920களைச் சேர்ந்ததாகக் கூறப்படும் பந்தில் இருக்கலாகாது. தடித்த முனையுடைய மார்க்கர் பேனாக்கள் அதற்கும் பிற்பட்டவை. அவற்றின் மை காலப்போக்கில் தோலில் கசிந்து பரவி எழுத்தின் ஓரத்தை மங்கச் செய்துவிடும். இன்றும் பந்தில் கையொப்பம் பெறுவோர் நீல நிறப் பந்துமுனைப் பேனாவையே விரும்புவது அதனால்தான்.

பந்துடன் வரும் பழைய கடிதத்தையும் இவ்வாறே சோதிக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகிதங்களில் வெண்மை கூட்டுவதற்காகச் சேர்த்த ரசாயனங்கள் புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். 1930இல் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் அவ்வாறு ஒளிர்ந்தால், எழுதியவர் யாராயினும் அக்காலத்தவர் அல்லர்.

கையின் ஓட்டம்

பந்தும் மையும் தேறிய பின்னரே கையொப்பத்துக்கு வருகிறார்கள். இங்கே வல்லுநர்கள் பார்ப்பவை எங்களுக்கும் பழக்கமானவையே. தன் பெயரைத் தானே எழுதுபவர் எழுத்துகளை வரைவதில்லை. கை தானாக ஓடுகிறது. தொடக்கமும் முடிவும் கூர்மையாகத் தேய்ந்திருக்கும். வளைவுகளில் அழுத்தம் ஏறி இறங்கும். போலி செய்பவர் பார்த்து வரைகிறார். கோடு தயங்குகிறது, நடுங்குகிறது. தேவையற்ற இடத்தில் பேனா எழும்புகிறது. தொடக்கமும் முடிவும் மழுங்கியிருக்கின்றன.

வெளியார் பலருக்கு வியப்பளிக்கும் உண்மை ஒன்றுண்டு. ஒருவர் இடும் இரு கையொப்பங்கள் ஒருபோதும் முழுமையாக ஒத்திருப்பதில்லை. மாதிரியோடு இம்மியும் பிசகாமல் பொருந்தும் கையொப்பமே எங்களுக்கு ஐயம் தரும். அது ஒற்றி எடுத்ததாகவோ இயந்திரம் எழுதியதாகவோ இருக்கக்கூடும்.

ஒப்பிடுவதற்கும் முறை உண்டு. இளமைக் கையொப்பத்தை இளமைக் கையொப்பத்தோடும், முதுமைக் கையொப்பத்தை முதுமைக் கையொப்பத்தோடும் வைத்துப் பார்க்க வேண்டும். பந்தின் வளைந்த பரப்பில் எழுதும்போது கை வேறு விதமாக இயங்கும். ஆகையால் காகிதத்தில் உள்ள மாதிரி மட்டும் போதாது. அக்காலத்தில் புகழ்பெற்ற வீரர்களுக்கு வந்து குவிந்த பந்துகளில் உடைமாற்று அறைப் பணியாளர்களே அவர்கள் பெயரை எழுதித் தந்ததும் உண்டு. அத்தகைய பந்து மைதானத்திலிருந்தே நேரடியாக வந்திருக்கும், காலமும் பொருந்தும், குடும்பம் சொல்லும் கதையும் உண்மையாகவே இருக்கும். கையொப்பம் மட்டும் வேறொருவருடையது.

அன்னையின் பெயரிலும் போலி

இந்தச் சந்தையில் போலிகள் எவ்வளவு பரவியிருந்தன என்பதை 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. நடத்திய விசாரணை வெளிப்படுத்தியது. சான் டியேகோவை மையமாகக் கொண்ட அந்நடவடிக்கைக்கு ‘ஆப்பரேஷன் புல்பென்’ என்று பெயர். புல்பென் என்பது பேஸ்பாலில் பந்து வீசுவோர் தயாராகும் இடம். 1999 அக்டோபரில் நடந்த சோதனைகளில் பெரிய போலிக் கும்பல் ஒன்று பிடிபட்டது. மறைந்த வீரர்களின் கையொப்பங்களைப் பழைய பந்துகளில் எழுதி, அவற்றுக்கு முதுமைத் தோற்றமளிக்க அரக்கு மெருகு பூசியிருக்கிறார்கள். பந்துகளுக்கு மட்டுமன்றிச் சான்றிதழ்களுக்கும் போலி தயாரித்திருக்கிறார்கள்.

அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி நம் நாட்டவருக்குத் தனியாகச் சொல்லத் தக்கது. அவ்வாறு சிக்கிய பொருள்களுள் அன்னை தெரசாவின் கையொப்பம் என்று எழுதப்பட்ட பேஸ்பாலும் இருந்தது. கொல்கத்தாவின் எளியோருக்காக வாழ்ந்தவர் பேஸ்பாலில் ஏன் கையொப்பமிட்டார் என்று வாங்குபவர் கேட்கமாட்டார் என எண்ணித்தானே அதைச் செய்திருப்பார்கள்? பொருளின் மீது ஆசை எழுந்துவிட்டால் எளிய கேள்விகளும் நினைவுக்கு வருவதில்லை. மோசடியின் முதலீடு அதுவே.

சாட்சியுள்ள கையொப்பம்

இத்தகைய அனுபவங்களுக்குப் பின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001இல் சான்றளிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. காவல் துறையில் பணியாற்றும் அல்லது பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் நேரில் இருந்து பார்த்தால்தான் பொருளுக்குச் சான்று கிடைக்கும். பிரித்தெடுக்க முயன்றால் சிதைந்துவிடும் ஹாலோகிராம் வில்லையைப் பந்தில் ஒட்டி, அதன் எண்ணைப் பதிவு செய்கிறார்கள். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பிற்காலத்தில் ஒருவர் சொல்லும் கருத்தன்று இது. நிகழ்ந்தபோதே எடுத்த சாட்சியம்.

பழைய பந்துகளுக்கு இந்த வசதி இல்லை. அவற்றுக்கு பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற தனியார் நிறுவனங்கள் ஆராய்ந்து கடிதம் தருகின்றன. சந்தை அவற்றை மதிக்கிறது. எனினும் அவை தேர்ந்தவர்களின் கருத்துகளே என்பதை மறக்கலாகாது. விற்பவர் தாமே அச்சிட்டுத் தரும் சான்றிதழுக்கோ, விற்பவரின் சொல்லுக்கு மேல் எந்த மதிப்பும் இல்லை. சான்றின் எண்ணை வழங்கிய நிறுவனத்திடமே சரிபார்ப்பதோடு, அங்குள்ள படமும் கையிலுள்ள பந்தும் ஒன்றுதானா என்றும் பார்க்க வேண்டும். உண்மையான எண்ணைப் போலிப் பந்தில் பொறிப்பது கடினமான செயலன்று.

மதிப்பு எங்கே பிறக்கிறது

உண்மை என்று தெளிந்த பின்னர்தான் விலை பற்றிய பேச்சு. இரு தையல் வரிசைகளும் மிக நெருங்கி வரும் குறுகிய இடத்தில், ஒரே ஒருவரின் கையொப்பம் மட்டும் இருப்பது மிகவும் விரும்பப்படுகிறது. அதிகாரபூர்வமான லீக் பந்து சாதாரணப் பந்தைவிட மதிப்பு மிக்கது. தோலின் வெண்மையையும் மையின் தெளிவையும் 1 முதல் 10 வரை தரம் பிரிக்கிறார்கள். ‘இன்னாருக்கு அன்புடன்’ என்று பெயர் குறித்து எழுதியிருந்தால் விலை பெரும்பாலும் குறையும். ஆனால் கூடுதலாக எழுதிய ஒவ்வொரு சொல்லும் போலி செய்பவர் மாட்டிக்கொள்ளக் கூடிய இடம் என்பதால், அதுவே நம்பகத்தன்மையைக் கூட்டுவதும் உண்டு.

அருமையும் விலையை நிர்ணயிக்கிறது. ரூத் கேட்டவர்க்கெல்லாம் கையொப்பமிட்டவர். அவருடைய உண்மையான கையொப்பங்கள் பல இன்றும் உள்ளன. இளம் வயதில் மறைந்த கெரிக்கின் கையொப்பம் தனியாக உள்ள பந்து கிடைப்பது அதைவிட அரிது.

ஆயினும் நினைவுப் பொருளின் விலை மனித மனத்தின் விலை. 1998இல் மார்க் மெக்வையர் அடித்த 70ஆவது ஹோம் ரன் பந்து அடுத்த ஆண்டு ஏறத்தாழ 30 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2001இல் பாரி பாண்ட்ஸ் 73 அடித்து அச்சாதனையைக் கடந்தார். அந்த 73ஆவது பந்துக்கு இருவர் உரிமை கோரி நீதிமன்றம் செல்ல, விற்றுச் சமமாகப் பகிர்ந்துகொள்ளுமாறு தீர்ப்பு வந்தது. 2003இல் அது விலைபோனது 4,50,000 டாலருக்கு. மேலான சாதனை, விலையோ ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. தாம் ஊக்க மருந்து பயன்படுத்தியதாக 2010இல் மெக்வையரே ஒப்புக்கொண்டார். இதற்கு எதிர்த்திசையில், ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன்களும் 50 தளத் திருட்டுகளும் என்ற எல்லையை முதன்முதலாகத் தொட்ட ஷோஹெய் ஒடானியின் 50ஆவது ஹோம் ரன் பந்து 2024இல் சுமார் 44 லட்சம் டாலருக்கு விற்றது. இவற்றைக் கொண்டு யாரும் தம் ஓய்வுக் காலத்தைத் திட்டமிட இயலாது. வட்டியோ ஈவுத்தொகையோ தராத பொருள் இது. வேண்டிய நாளில் விற்றுப் பணமாக்கும் உறுதியும் இல்லை. மகிழ்ச்சிக்காக வாங்குங்கள், இழந்தால் வாழ்க்கை தடுமாறாத தொகையில் வாங்குங்கள் என்பதே எங்கள் அறிவுரை.

வீட்டிலும் பெட்டகத்திலும்

வாங்கிய பந்தை வெயிலுக்கும் விளக்கொளிக்கும் அப்பால் வைக்க வேண்டும். ஒளி மையை வெளுக்கச் செய்யும். ஈரம் தோலில் பூஞ்சையை வளர்க்கும். எழுத்தின்மேல் விரல் படலாகாது. பாதுகாப்பதாக எண்ணி அரக்கு மெருகு பூசியதால் பழுப்பேறிப் போன பழம் பந்துகள் பல.

வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. வங்கி அதற்குக் காப்பீடும் செய்வதில்லை. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்ற நிகழ்வுகளில் வங்கியின் பொறுப்பு, ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை மட்டுமே. விலையுயர்ந்த பொருளுக்குத் தனிக் காப்பீடு எடுப்பது உங்கள் பொறுப்பு. வாங்கிய ரசீது, சான்றுக் கடிதம், படங்கள் ஆகியவற்றைப் பந்தோடு வைக்காமல் தனியே வையுங்கள். அது என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்பதை வீட்டாருக்கு எழுதியும் வையுங்கள். கதை தெரியாத வாரிசின் கையில் உண்மையான பந்தும் வெறும் பந்தாகிவிடும்.

இங்கே கூறியவை பேஸ்பாலுக்கு மட்டும் உரியவை அல்ல. கையொப்பமிட்ட கிரிக்கெட் மட்டைக்கும், தலைவர்கள் எழுதிய கடிதத்துக்கும் கேள்விகள் இவையே. பொருள் எப்போது உண்டாயிற்று? எதனால் எழுதப்பட்டது? யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? சான்றளித்தவர் யார், அவருக்கு விற்பனையில் பங்குண்டா? இன்றே பணம் அனுப்ப வேண்டும் என்று விற்பவர் ஏன் அவசரப்படுத்துகிறார்?

மும்பை வாடிக்கையாளர் அன்று படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். முகத்தில் ஏமாற்றம் இருந்தது. ஏமாறவிருந்தோமே என்ற வெட்கம் அதைவிட அதிகமாக இருந்தது. அதற்கு அவசியமே இல்லை. பேரன் மீது கொண்ட அன்பைத்தான் அந்த விற்பனையாளர் பயன்படுத்தப் பார்த்தார். சில வாரங்களுக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். இம்முறை தொகை மிகச் சிறிது. இப்போது ஆடிவரும் வீரர் ஒருவர், சாட்சியின் முன்னிலையில் கையொப்பமிட்ட பந்து. ஹாலோகிராம் எண்ணைப் பேரனே சரிபார்த்துத் தாத்தாவுக்குத் தெரிவித்திருந்தான்.

படிவத்தின் அடியில் அவர் கையொப்பமிட்டுத் தந்தார். எங்கள் அலுவலர் அதை வாங்கி, வழக்கம்போல் பதிவில் உள்ள மாதிரியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தார்.